பதில்: ஒரே குடும்ப மரம், இரண்டு கோப்பு, இரண்டிலும் புதுப் பெயர்கள்

வணக்கம். உங்கள் குடும்ப மரக் கோப்பு மடிக்கணினியில் ஒன்று, கனடாவில் இருக்கும் சித்தப்பா மகனிடம் இன்னொன்று, பிரிந்தபின் இரண்டிலும் ஆட்களைச் சேர்த்திருக்கிறீர்கள். அப்படியென்றால் தேதி பார்த்துப் பழையதை அழிக்கும் வழி உங்களுக்கு உதவாது. இணைத்துத்தான் ஆகவேண்டும்.

முதலில் இரண்டு கெட்காம் (குடும்ப மரத் தகவலைப் பரிமாறும் வடிவம்) கோப்புகளையும் நகலெடுத்துத் தனியே வையுங்கள். பிறகு நோட்பேடில் திறந்து பாருங்கள். வெறும் எழுத்துக்கோப்புதான், பயம் வேண்டாம். தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்தையும் காக்கும் குறியீட்டு முறை) என்று இருக்கிறதா, தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாக மாறியிருக்கின்றனவா என்று கவனியுங்கள். மாறியிருந்தால் சித்தப்பா மகனை மறுபடி ஏற்றுமதி செய்யச் சொல்லுங்கள். அப்படியே இணைத்தால் பெயர் திரும்ப வராது.

இணைக்க கிராம்ப்ஸ் என்ற குடும்ப மர மென்பொருள் போதும், இலவசம். உங்கள் கோப்பைப் புது மரமாகத் திறந்து, அவர் கோப்பை அதில் இறக்குமதி செய்யும் முன் அமைப்புகளில் இறக்குமதியாகும் ஆட்களுக்கு டேக் (அடையாளக் குறி) போடும் வசதியை இயக்குங்கள். எந்த ஆள் எந்தக் கோப்பிலிருந்து வந்தார் என்று அப்போதுதான் தெரியும்.

ஒரே ஆள் இருமுறை பதிவாகியிருந்தால் தேடும் கருவி அதில் உண்டு. அது பட்டியல் மட்டும் தரட்டும், முடிவு உங்களுடையது. நம் குடும்பங்களில் தாத்தா பெயர்தான் பேரனுக்கு. பிறந்த ஆண்டு இல்லாத இரண்டு முருகேசன்களைக் கருவி ஒரே ஆளாகக் காட்டக்கூடும். ஒலி ஒத்த பெயர்களைச் சேர்க்கும் சவுண்டெக்ஸ் முறை ஆங்கில எழுத்துக்கானது, தமிழ்ப் பெயருக்குப் பயனில்லை. பெயரை விட்டுவிட்டு மனைவி, பிள்ளைகள், ஊர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சந்தேகமா? இணைக்காமல் விடுங்கள். இணைத்ததைப் பிரிப்பது பெரும்பாடு.

படங்கள் கெட்காமுக்குள் இருக்காது, இருப்பிடம் மட்டுமே இருக்கும். அவரிடம் படங்கள் உள்ள கோப்புறையையும் கேட்டு வாங்குங்கள்.