ஊசி போட்டால் புற்று பரவுமா? கழுத்துக் கட்டி பற்றி வாசகர் கேள்விகள்

“அம்மா பால்வெட்டுத் தொழிலாளி, வயது 61. கழுத்தில் தைராய்டு கட்டி. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சோதிக்கச் சொல்கிறார்கள். ஊசி பட்டால் புற்று பரவும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதிலிருந்து வர மாட்டேன் என்கிறார்.” - சுங்கை சிப்புட் வாசகி

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். தைராய்டில் ஊசி வழியாகப் புற்று பரவுவது மிக மிக அபூர்வம். அதற்குப் பயந்து சோதிக்காமல் விடுவதுதான் ஆபத்து. அதுவும், 100 கட்டிகளில் 90க்கு மேல் புற்றே இல்லை.

தோளுக்கு அடியில் தலையணை வைத்து, கழுத்து நிமிர்ந்திருக்கும்படி படுக்க வைப்பார்கள். இரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசி. ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே கட்டிக்குள் விட்டு, முன்னும் பின்னும் சில நொடி அசைத்து எடுப்பார்கள். அந்த நேரம் எச்சில் விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. இரண்டு மூன்று முறை குத்த வேண்டி வரலாம். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

“வெறும் வயிற்றில் போகணுமா? இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன்.”

சாப்பிட்டுவிட்டே போங்கள். வார்ஃபரின் சாப்பிடுவதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

“மருமகள் கர்ப்பம். ஊசி போடலாமா?”

போடலாம். கதிரியக்க மருந்து கொடுத்து எடுக்கும் தைராய்டு ஸ்கேன்தான் கூடாது.

“ரிப்போர்ட்டில் ‘பெத்தெஸ்டா 4’ என்று வந்திருக்கிறது. பாதித் தைராய்டை எடுக்கணும் என்கிறார்கள். ஊசி போட்டும் ஏன் தெரியவில்லை?”

நியாயமான கோபம். ஆனால் டாக்டர் மேல் தப்பில்லை. பெத்தெஸ்டா என்பது 1 முதல் 6 வரையுள்ள வரிசை: 2 என்றால் சாதாரணக் கட்டி, 6 என்றால் புற்று. 4 என்பது ஃபாலிக்குலர் வகைக் கட்டி. வேலி தாண்டிய மாடா இல்லையா என்று மாட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா? வேலியைப் பார்க்க வேண்டும். இந்த வகையில் புற்றானாலும் இல்லாவிட்டாலும் செல்கள் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கட்டியைச் சுற்றியுள்ள உறையையோ இரத்தக் குழாயையோ அவை துளைத்திருந்தால்தான் புற்று. ஊசியில் வருவது உதிரிச் செல்கள்; உறை வராது. அதனால்தான் கட்டியை முழுசாக எடுத்துப் பார்க்கிறார்கள். அப்படி எடுத்தவற்றிலும் பெரும்பாலானவை புற்றில்லை என்றே முடிகின்றன.

“1 என்று வந்தது. ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்?”

இல்லை! இந்தக் கேள்விக்காகவே இவ்வளவும் எழுதினேன். 1 என்றால் பதிலே கிடைக்கவில்லை என்று பொருள். நுண்ணோக்கியில் குறைந்தது 6 செல் கூட்டம், ஒவ்வொன்றிலும் 10 செல்லாவது தெரிய வேண்டும். அவ்வளவு வராவிட்டால் பெரும்பாலும் 1 என்று போடுவார்கள். நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மறு ஊசிக்குத் தேதி வாங்கிக்கொண்டே கிளினிக்கை விட்டுக் கிளம்புங்கள்.