கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பல வருடங்களாக ஊருக்கு ஒரு கால்பந்து டீம் இருக்கிறது. இந்த வருடம் இருபத்தைந்து முப்பது பேர் சேர்ந்து டீமுக்கு ஒரு ரசிகர் மன்றம் ஆரம்பிக்கலாம் என்று பேசினோம். ஊர்ப் பெரியவர்கள் பிடிகொடுக்கவில்லை. "சினிமாக்காரனுக்கு மன்றம் வைத்துக் கெட்டது போதாதா? ஆடுகிறவன் ஆடுகிறான், நீங்கள் எதற்குக் கொடி பிடிக்கிறீர்கள்?" என்கிறார்கள். பனியன் அடிப்பது, மேளம் வாங்குவது என்பதைத் தாண்டி நாங்களும் யோசித்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வெளிநாட்டில் ரசிகர்களே கிளப்பை நடத்துகிறார்கள் என்று படிக்கிறோம். அதெல்லாம் நம் மலைக்குப் பொருந்துமா? இப்படி ஒரு மன்றத்தால் ஊருக்கு என்னதான் பயன்?

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள தம்பிக்கு,

பெரியவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பனியனும் மேளமும் மட்டும்தான் திட்டம் என்றால் மன்றம் வேண்டாம் என்றே நானும் சொல்வேன்.

மலையில் ஒரு டீமின் ஆயுள் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். பதினேழு வயதில் டீமுக்கு வரும் பையன் இருபத்தி மூன்று, நான்கில் கோவைக்கோ திருப்பூருக்கோ வேலைக்கு இறங்கிவிடுகிறான். ஐந்தாறு வருடத்தில் பதினொரு பேரும் புது ஆட்கள். பந்து, பம்ப், கோல் வலை, மைதானத்துக்கு வாங்கிய அனுமதிக் கடிதம், பாக்கி வைத்த கடை எல்லாம் ஆடுகிறவன் பொறுப்பில் இருந்தால் அவனோடு பஸ் ஏறிவிடும். அடுத்து வருகிறவன் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவான். ஊரை விட்டுப் போகாதவர்கள், அதாவது ஆடாதவர்கள், இவற்றை வைத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும். ரசிகர் மன்றத்தின் முதல் பயன் அதுதான்.

வெளிநாட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2002 மே மாதம், லண்டனிலிருந்த விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்கு மாற்ற அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் சில வாரங்களிலேயே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று தங்கள் கிளப்பைத் தொடங்கி, கீழ்மட்ட லீகில் ஆரம்பித்து, 2011இல் தொழில்முறை லீகுக்குள் வந்துவிட்டார்கள். 2020இல் தங்கள் பழைய பேட்டையான ப்ளௌ லேனுக்கே திரும்பினார்கள். ஜெர்மனியில் 1998 முதல் ஒரு விதி: வெளியார் எவ்வளவு பணம் போட்டாலும் கிளப்பின் வாக்குகளில் பாதிக்கு மேல் ஒன்று உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வாக்கு விஷயம் மட்டும். மாதம் ஐம்பது ரூபாய் கொடுக்கிறவருக்கும் ஒரு வாக்கு, ஐம்பதாயிரம் நன்கொடை தந்த எஸ்டேட் முதலாளிக்கும் ஒரு வாக்கு. இதை முதல் நாளே எழுதி வையுங்கள். பணம் வந்த பிறகு எழுதப் போனால் எழுத விடமாட்டார்கள்.

இனி மைதானம். மன்றத்தின் உழைப்பில் பாதி இங்கேதான் போகும்.

மலையில் மைதானம் என்பது சரிவை வெட்டி எடுத்த ஒரு மேடை. மேட்டுப்பக்கத்து மழைத் தண்ணீர் முழுவதும் அதன் மேல்தான் இறங்கும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழை கொட்டும். கூடலூர், பந்தலூரில் ஜூனிலிருந்தே தென்மேற்கு. எந்த மழையானாலும் வைத்தியம் ஒன்று. மேட்டுப்பக்க ஓரத்தில், கோட்டிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, ஒரு அடி அகலம் ஒரு அடி ஆழத்தில் கால்வாய் வெட்டி, தண்ணீரை மைதானத்தைச் சுற்றித் திருப்பிவிட வேண்டும். செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். கால்வாய் போய்ச் சேரும் இடம் முக்கியம். கீழே யாருடைய தேயிலைத் தோட்டத்திலோ வீட்டுப் பின்சுவரிலோ விட்டால் சண்டை வரும். அதைவிட மோசம், அந்த மண் சரியும். இருக்கிற ஓடையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் நடந்த மண்சரிவுகளைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள், தண்ணீர் வழி மாறினால் என்ன ஆகும் என்று சொல்வார்கள்.

"ஒரே நாளில் பொக்லைன் வைத்து நிரவிவிடலாம்" என்று ஒரு ஆர்வக்கோளாறு கட்டாயம் கிளம்புவார். நீலகிரியில் பொக்லைன் இறக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். இல்லாமல் இறக்கினால் வண்டி பறிமுதல், வழக்கு. அந்த வழக்கில் மன்றமே முடிந்துபோகும். மண்வெட்டி, கடப்பாறை, ஞாயிற்றுக்கிழமை காலை இருபது பேர் போதும். புல்லுக்குத் தனியாகச் செலவு வேண்டாம், இங்கே தானாகவே படரும் கிக்யூ புல் தண்டு தண்டாக வேர்விட்டு மண்ணை நன்றாகப் பிடிக்கும். அது முதலில் சாவது கோல் வாய்க்கு முன்னால். பயிற்சி முழுவதும் அங்கேயே நடப்பதால் மண் இறுகி, தண்ணீர் தேங்கி, சேறாகிறது. அங்கே மணலைக் கொட்டினால் முதல் மழையில் சேற்றோடு கலந்து சிமென்ட் மாதிரி ஆகும். கூர்மையான இரும்புக் கம்பியால் அரை அடிக்கு ஒரு குத்து, நாலைந்து அங்குல ஆழத்துக்குக் குத்தி விட்டு, பயிற்சியை இரண்டு மாதம் மைதானத்தின் குறுக்கே மாற்றி வையுங்கள். குதிகால் அழுத்தினால் தண்ணீர் கசிகிற அன்று ஆட்டமே வேண்டாம். ஒரு மாலை ஆட்டம் மூன்று மாத வேலையைத் தின்றுவிடும். இதைச் சொல்லி ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் கேப்டனிடம் இருக்கக் கூடாது, அவன் ஆடத்தான் பார்ப்பான். மன்றத்தில் ஒருவரிடம் இருக்க வேண்டும்.

கோடு போடுவது சின்ன வேலை போலத் தெரியும். 90க்கு 50 மீட்டர் மைதானத்தில் நடுவட்டம், பெனால்டி கட்டம் எல்லாம் சேர்த்துக் கோட்டின் நீளம் 600 மீட்டரைத் தாண்டும். ஒரு தடவைக்கு 25, 30 கிலோ பொடி பிடிக்கும். பெரும்பாலான ஊர்களில் சுண்ணாம்பைப் போடுகிறார்கள். பனி ஈரத்தில் அது காரமாகி, விழுந்து சறுக்கிய பையனின் தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கோலப்பொடிக்கு விற்கும் வெள்ளைக் கல்மாவு போதும், அது சுடாது. மூலை சரியாக வர மூன்று, நான்கு, ஐந்து மீட்டரில் கயிற்று முக்கோணம் போடுங்கள். நடுவட்டத்துக்கு 9.15 மீட்டர் கயிறு.

கோல் போஸ்ட்டைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கம்பமோ இரும்புக் குழாயோ, இரண்டரை அடி மண்ணுக்குள் போக வேண்டும். மரமென்றால் புதைகிற பகுதிக்குத் தார் பூசுங்கள், மண்மட்டத்தில்தான் அது உளுத்து ஒடியும். தூக்கி வைக்கிற இரும்பு கோல் என்றால் பின்கட்டையில் மணல் மூட்டை அடுக்கி, முளை அடித்துக் கட்ட வேண்டும். குறுக்குக் கம்பியில் தொங்கி ஊஞ்சலாடாத குழந்தை உலகத்தில் இல்லை. சாய்கிற கோல் போஸ்ட் தலையில் விழுந்து பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு நோட்டில் தேதி எழுதுங்கள். டீம் பையன்கள் இதைச் செய்யமாட்டார்கள்.

பந்துக் காப்பாளருக்கு ஒரு துணுக்கு. மேட்டுப்பாளையத்தில் காற்றடித்த பந்து மேலே வந்ததும் இறுகிவிடும், குளிரில் கொஞ்சம் சுருங்கினாலும் காற்றழுத்த அளவியில் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. கூடுதலாகவே காட்டும். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால்தான். மேலே காற்றடித்த பந்து சமவெளிக்கு ஆடப் போகும்போது தொய்யும். அளவி ஒன்று மன்றத்தில் இருக்கட்டும்.

பணம். அறுபது பேர் மாதம் ஐம்பது ரூபாய் கொடுத்தால் வருடத்துக்கு 36,000. பந்து, வலை, கல்மாவு, முதலுதவிப் பெட்டி, இரண்டு மூன்று வெளியூர் ஆட்டத்துக்கு வண்டி என்று ஊர் டீமின் தேவைக்கு இது தாங்கும், கப் நடத்தத் தாங்காது. இப்போதெல்லாம் பொருளாளரின் சொந்த ஜிபேக்கே சந்தா போகிறது. சந்தாவும் அவர் வீட்டு மளிகையும் ஒரே கணக்கில் கலந்து, ஆறு மாதத்தில் அவர் நேர்மையானவராகவே இருந்தாலும் நிரூபிக்க முடியாமல் நிற்பார். மன்றங்கள் உடைவது பெரும்பாலும் திருட்டால் இல்லை, இந்தக் குழப்பத்தால். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். உறுப்பினர் இருபதைத் தொட்டாலோ வருட வரவோ செலவோ பத்தாயிரத்தைத் தொட்டாலோ பதிந்தே ஆக வேண்டும். உங்களுக்கு இரண்டுமே பொருந்துகிறது. பதிந்தால் மன்றத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. எண் அச்சிட்ட ரசீது புத்தகம். மாதக் கணக்கு ஒரு பக்கம் டீக்கடைச் சுவரில். பெரியவர்கள் தினமும் உட்காருகிற இடம் அதுதானே, அவர்களே தணிக்கை செய்துவிடுவார்கள்.

ஆட்ட நாளில் கை தட்டுவதைத் தவிர மன்றத்துக்கு ஏகப்பட்ட வேலை. வெளியூர் டீமை அழைத்தால் மாவட்டத்துக்குள் வருவதற்கான இ-பாஸை நினைவூட்டுங்கள். 2024 மே முதல் வெளி மாவட்ட வண்டிக்கு அது வேண்டும், நம் டி.என். 43 வண்டிக்குத் தேவையில்லை. நம் டீம் வெளியே போகும்போது பிக்கப்பில் முப்பது பேரை நிற்க வைத்து ஏற்றிக்கொண்டு போகும் வழக்கத்தை மன்றம்தான் நிறுத்த வேண்டும். சரக்கு வண்டியில் ஏறியவருக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது. கொண்டை ஊசி வளைவில் நிற்கிற கூட்டம் ஒரே பக்கம் சாய்ந்தால் வண்டியும் சாயும். கேலரி கட்டுவதாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை. 2022 மார்ச்சில் மலப்புறம் காளிகாவுக்குப் பக்கத்தில் பூங்கோட்டில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) ஆட்டத்தின்போது தற்காலிக கேலரி சரிந்து பலர் அடிபட்டார்கள். மலையில் கேலரியே தேவையில்லை. வெட்டிய சரிவில் படி எடுத்தால் போதும்.

தண்ணீருக்கு எவர்சில்வர் டிரம், டம்ளர். பிளாஸ்டிக் பாட்டில் இந்த மாவட்டத்தில் தடை என்பது உங்களுக்குத் தெரியும். போண்டா, வர்க்கி, டீ விற்று நாலு காசு பார்க்கலாம், ஆனால் எண்ணெய்க் காகிதமும் மிச்சச் சோறும் அன்றைக்கே அங்கிருந்து போய்விட வேண்டும். இரவில் அந்த வாசனைக்குக் கரடி வரும். வந்து பழகினால் பிறகு பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கும் வரும். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆட்டத்தை முடியுங்கள். காட்டு மாடு நிற்கிற தோட்டப் பாதையில் பிள்ளைகளைத் தனியே அனுப்பாமல் கூட்டமாக, டார்ச்சோடு அனுப்ப நாலு பேரை நியமியுங்கள். பெண் பிள்ளைகள் டீம் ஆரம்பிக்க நினைத்தால் இந்த ஒரு ஏற்பாடும், பூட்டும் தண்ணீரும் உள்ள ஒரு கழிவறையும் பாதி வேலையை முடித்துவிடும். ஏப்ரல், மே மாதம் இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள். சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுங்க விடாதீர்கள். தலையில் அடிபட்டு மயங்கி எழுந்தவன் "ஒண்ணும் இல்லண்ணா" என்றாலும் அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது.

ஆடாத நாட்களிலும் இந்தப் பெயர்ப் பட்டியல் பயன்படும். அறுபது உறுப்பினரின் இரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி ஒரு தாளில் இருந்தால், இரவில் ஊட்டியிலிருந்து ஆஸ்பத்திரி அழைப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தேட வேண்டாம். வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5, ஆண்களுக்கு மூன்று மாத இடைவெளி, பெண்களுக்கு நான்கு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அந்த மாதிரி மழையில் எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார், யாரிடம் ஜீப் இருக்கிறது என்று தெரிந்த நாற்பது இளைஞர்கள் ஓர் ஊருக்கு வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு குழு போட்டால் அடுத்த மழைக்குள் கலைந்துவிடும். ஞாயிறுதோறும் புல் வெட்டக் கூடுகிற கூட்டம் கலையாது.

பெரியவர்களின் சந்தேகத்துக்கு வருகிறேன். அவர்கள் பயப்படுவது மேளத்துக்கு இல்லை என்று நினைக்கிறேன். தேர்தல் வந்தால் நம் பக்கத்து மன்றங்கள் வார்டு கிளையாகிவிடும், அதைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆகவே பைலாவில் மூன்று விஷயம் எழுதுங்கள். பேனரில் எந்தத் தலைவர் படமும், நடிகர் படமும், நன்கொடையாளர் படமும் கிடையாது. கட்சிப் பொறுப்பில் இருப்பவர் உறுப்பினராகலாம், நிர்வாகியாக முடியாது. எதிர் டீமின் சாதியையோ ஊரையோ சொல்லித் திட்டியவர் அந்த சீசன் முழுவதும் வெளியே. கடைசி விதிதான் கஷ்டம், முதலில் மீறுகிறவர் தலைவரின் மைத்துனராகத்தான் இருப்பார். படகர் ஹட்டி, எஸ்டேட் லைன் வீடு, டவுன் என்று பிரிந்து கிடக்கிற இந்த மலையில் எல்லா வீட்டுப் பையனும் ஒரே பனியன் போடுகிற இடம் வேறு அதிகம் இல்லை. அதனால் அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதல் கூட்டத்தைப் படகர்களின் ஹெத்தை பண்டிகைக்கு முன்போ பின்போ வையுங்கள், அந்த வாரத்தில் வைத்தால் பாதி ஊர் வராது. மைதான நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். பெரியவர்களில் கடுமையாகப் பேசியவர் யாரோ, அவரையே பொருளாளராக இருக்கக் கேளுங்கள்.