கட்டளைகள் தெரியும், திரைதான் கறுப்பு

கேள்வி: பைத்தான் ஓரளவு தெரியும். நின்டெண்டோ என்இஎஸ் கன்சோலுக்கு அசெம்பிளியில் (சிப்புக்கு நேரடியாகக் கட்டளையிடும் மொழி) ஒரு கேம் எழுத ஆசை. ஒரு மாதமாக அதன் பிராசஸர் வகையான 6502-இன் கட்டளைகளை மனப்பாடம் செய்கிறேன். எமுலேட்டரில் (கன்சோலைப் போலவே கணினியில் இயங்கும் மென்பொருள்) ஒரு பொம்மையைக்கூட நிற்கவைக்க முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் மனப்பாடத்தை நிறுத்துங்கள். 6502-க்கு மொத்தமே 56 கட்டளைகள், கணக்குப் போட ஏ, எக்ஸ், ஒய் என்று மூன்று ரெஜிஸ்டர்கள் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவிடங்கள்). பெருக்கல்கூடக் கிடையாது. மொழி சின்னதுதான், உங்களை மடக்குவது திரை.

என்இஎஸ்ஸில் படம் வரைவது பிபியு என்ற தனிச் சிப். அது கோடு கோடாக வரைந்துகொண்டிருக்கும்போது அதன் மெமரியில் கைவைத்தால் படம் சிதறிவிடும். ஒரு ஃபிரேம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வரும் வீபிளாங்க் இடைவெளியில்தான் எழுத வேண்டும். என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பானிய டிவி முறை) கன்சோலில் அது சுமார் 2,270 சைக்கிள், அதாவது பிராசஸரின் கடிகாரத் துடிப்பு. 64 ஸ்பிரைட்டுகளின் (திரையில் நகரும் சிறு படங்கள்) விவரத்தை டிஎம்ஏ என்ற மொத்தமாக நகலெடுக்கும் வழியில் அனுப்பவே அதில் 513 போய்விடும். கன்சோலை ஆன் செய்ததும் இரண்டு வீபிளாங்க் வரை காத்திருக்கவும் வேண்டும். அதற்கு முன் எழுதுவதில் சிலவற்றை பிபியு கண்டுகொள்ளாது.

ஆகவே கேமை மறந்துவிட்டு, திரை முழுக்க ஒரே நிறம் வரவையுங்கள். $ போட்டவை பதினாறடிமான எண்கள்; $2001, $2002 போன்றவை பிபியுவோடு பேசும் முகவரிகள். $2002-ஐ ஒருமுறை படியுங்கள். $2006-இல் $3F, அப்புறம் $00 எழுதுங்கள். $2007-இல் நிற எண். பிறகு $2001-இல் வரைவதை ஆன் செய்யும் பிட். அவ்வளவுதான், ஆனால் இதில் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

அடுத்து ஒரே ஒரு ஸ்பிரைட். அதற்கு நான்கு பைட்: ஒய், டைல் (படத்துண்டு) எண், பண்புகள், கடைசியில் எக்ஸ். ஒய் முதலில் வருவதைக் கவனியுங்கள், எல்லோரும் வழுக்கும் இடம் இது. பேலட்டை (நிறப் பட்டியல்) நிரப்பினீர்களா, $2001-இல் ஸ்பிரைட்டைக் காட்டும் பிட்டைப் போட்டீர்களா என்றும் பாருங்கள்.

இன்னொன்று: 'எல்டிஏ #5' என்றால் ஏ-யில் 5 வரும். # விட்டுப்போனால் 5-ஆம் முகவரியில் கிடப்பது வரும். அசெம்பிளர் (நீங்கள் எழுதியதைச் சிப்புக்குப் புரியும் எண்களாக மாற்றும் மென்பொருள்) வாயே திறக்காது. இந்த ஒற்றைக் குறியால் ஓர் இரவு முழுக்கத் தூக்கம் கெட்டவன் நான். மெசன் எமுலேட்டரின் டீபக்கரில் ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். அசெம்பிளருக்கு சிஏ65 போதும்.

கேம்பாய்க்கும் தாராளமாக எழுதலாம். அட்டாரி 2600 மட்டும் இப்போது வேண்டாம். ரேம் 128 பைட், ஒரு கோட்டுக்கு 76 சைக்கிள்; அந்த நேரத்துக்குள் ஒவ்வொரு கோட்டையும் உங்கள் புரோகிராம்தான் வரைந்தாக வேண்டும்.