அமெரிக்கப் பள்ளி நாடகக் குழுக்களை எழுத்தாளர்கள் இணையம் வழியாக எப்படி அடைகிறார்கள்?

முதலில் ஒரு சொல்: நிகழ்த்துரிமை. ஒருவர் எழுதிய நாடகத்தைப் பார்வையாளர்கள் முன் மேடையேற்ற வாங்கும் அனுமதி அது. அமெரிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் காட்சிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டும். எழுதியவருக்கு அதில் ஒரு பங்கு போகும்.

முன்பு பதிப்பகத்தின் அச்சுப் பட்டியலில் தலைப்பும் சில வரிக் குறிப்பும்தான் இருக்கும். மீதியை அறியப் பிரதியை வரவழைக்க வேண்டும். அதனால் தெரிந்த பெயர்களையே திரும்பத் திரும்ப எடுத்தார்கள்.

பள்ளி ஆசிரியரின் தலைவலியே வேறு. 14 மாணவிகள், 4 மாணவர்கள், அரை மணி நேரம், மேடைக்கு ஒரு மேசை, இரண்டு நாற்காலி. இதற்கேற்ற கதை எங்கே? 1998-இல் தொடங்கிய பிளேஸ்கிரிப்ட்ஸ் போன்ற தளங்களில் நடிகர் எண்ணிக்கை, நேரம் எல்லாம் கொடுத்துத் தேடலாம். பிரதியின் ஒரு பகுதியை இலவசமாகப் படித்தும் பார்க்கலாம். நியூ பிளே எக்ஸ்சேஞ்ச் என்ற தளத்தில் எழுத்தாளர்களே, பதிப்பாகாத நாடகங்களைக்கூட ஏற்றிவைக்கிறார்கள்.

ஜவுளிக்கடை மாதிரிதான். முன்பு கடைக்காரர் எடுத்துப் போட்டதைத்தான் பார்த்தோம்; இப்போது அளவு சொல்லி நாமே துழாவுகிறோம். அடி அலமாரியில் கிடந்த சட்டையும் கைக்கு வருகிறது. புதிய எழுத்தாளருக்கு இதுதான் பெரிய லாபம் என்பேன்.

அப்புறம், "டிக்கெட் விற்கவில்லையே, அனுமதி எதற்கு?" என்று பலர் நினைக்கிறார்கள். பதிப்புரிமை உள்ள நாடகத்தை இலவசமாகப் பொதுமக்களுக்குக் காட்டினாலும் அனுமதி வேண்டும். இணையத்தில் சும்மா படிக்கக் கிடைப்பது அந்த அனுமதி ஆகாது.