240,000 கி.மீ. ஓடிய காரின் எஞ்சின் பெயாரிங்கை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி இதுதான்: யாழ்ப்பாணத்தில் ஓடும் கொரோலா 110, 5ஏ பெற்றோல் எஞ்சின். சூடானதும் ஐட்லில் ஒயில் லைற் மினுங்குகிறது, ரேஸ் பண்ணிக் காலை எடுத்தால் கீழே ‘டக் டக்’ என்று தட்டுகிறது. எஞ்சினை இறக்காமல் பெயாரிங்கை வீட்டு முற்றத்திலேயே மாற்றலாமா?

கொன்ரொட் (பிஸ்ரனைக் கிராங் என்ற சுழல்தண்டோடு இணைக்கும் தண்டு) பெயாரிங்கை, அதாவது பிக் எண்ட் பெயாரிங்கை, எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்பைக் கழற்றி வீட்டில் மாற்றலாம். கிராங்கைப் புளொக்கில் தாங்கும் மெயின் பெயாரிங்கையும் மாற்றலாம், பாடு அதிகம். கிராங்கைக் கடைய வேண்டி வந்தால் எஞ்சினை இறக்காமல் வேறு வழி இல்லை. உங்களுக்கு இதில் எது என்பதைக் கிராங் ஜேர்னலின், அதாவது பெயாரிங் பிடிக்கும் வழவழப்பான பகுதியின், அளவு மட்டுமே சொல்லும். ஆகவே பெயாரிங் செற்றை வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்காதீர்கள்.

முதலில் நோய் அதுதானா என்று பாருங்கள். கொன்ரொட் தட்டும் சத்தம் எஞ்சின் சூடான பிறகு, நிமிடத்துக்கு 2000–2500 சுற்றில் வைத்துக் காலை விடும் நொடியில்தான் தெளிவாகக் கேட்கும். இன்ஜெக்டர் சொக்கற்றுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது தட்டு அடங்குகிறதோ, குற்றவாளி அந்தக் கொன்ரொட். பிளக் வயரைப் பிடுங்குவதை விட இது நல்லது, எரியாத பெற்றோல் சிலிண்டரைக் கழுவி ஒயிலில் இறங்காது. மெயின் பெயாரிங் சத்தம் கனமாக, அடித்தொண்டையில் வரும். மேடு ஏறும்போதோ கிளச்சை விடும்போதோ கேட்கும், ஒரு சிலிண்டரை நிறுத்தினால் மாறாது. குளிரில் தட்டி, சூடாக அடங்கிவிட்டால் அது பெரும்பாலும் பிஸ்ரன் சுவரில் அடிப்பது. அதற்குச் சம்பைக் கழற்றுவது வீண் வேலை.

டாஷ்போர்ட் லைற்றை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒயில் அழுத்தம் மிகவும் விழுந்த பிறகுதான் அது எரியும், அதை எரிய வைக்கும் சுவிச்சே பழுதாகியும் இருக்கலாம். சுவிச்சைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் மெக்கானிக்கல் கேஜ் பூட்டுங்கள். ஜப்பான் கார்களில் மரை பெரும்பாலும் 1/8 பி.ரி. (குழாய் மரை வகை). சூடான 5ஏ எஞ்சினில் ஐட்லில் கைநூல் சொல்லும் குறைந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது, 3000 சுற்றில் 36 முதல் 71 பி.எஸ்.ஐ. வரை நிற்க வேண்டும். ஐட்லில் 3 அல்லது 4 என்று காட்டி, தட்டும் இருந்தால் சம்பைக் கழற்றக் காரணம் போதும். ‘20டபிள்யூ-50 ஊத்துங்கோ, சத்தம் நிண்டிடும்’ என்று யாராவது சொல்வார்கள். அது தடித்த ஒயில், சத்தம் குறையும்தான். பெயாரிங்கின் இடைவெளி அப்படியே இருக்கும், ஜேர்னல் தொடர்ந்து தேயும், கடைசியில் பெயாரிங் சுழன்று கொன்ரொட்டையும் சேர்த்துக் கெடுக்கும்.

இந்த இடைவெளி ஏன் இவ்வளவு முக்கியம்? பெயாரிங்குக்கும் ஜேர்னலுக்கும் நடுவே வழியும் ஒயிலின் அளவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 0.04 மி.மீ. 0.08 ஆனால் கசிவு எட்டு மடங்கு. பம்ப் அதே பம்ப், அதனால் அழுத்தம் விழுகிறது. முதலில் பட்டினி கிடப்பது பம்ப்பிலிருந்து தூரத்தில் இருக்கும் பெயாரிங்.

இனி இடமும் காலமும். சோளகம் வீசும் மாதங்களில் திறந்த முற்றத்தில் சம்பைக் கழற்ற வேண்டாம். வலிகாமத்துச் செம்மண் தூசு ஒரு துளி பெயாரிங்கில் ஏறினாலும் புதுச் செல்லில் (பெயாரிங்கின் அரைவட்டப் பாதி) கீறு விழும். சீமெந்துத் தரை கட்டாயம், மணலில் ஜாக் புதையும். எங்கள் பக்கம் சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை ஏற்றும் வழக்கம் உண்டு. பொள் கல் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நொறுங்கும், அதன் கீழே தலையைக் கொடுக்காதீர்கள். இரும்பு ஸ்ராண்ட் இரண்டை வாங்குங்கள் அல்லது இரவல் எடுங்கள். கழற்றிய முன் சில்லுகளையும் பாடியின் கீழே தள்ளி வையுங்கள்.

பற்றரியின் நெகற்றிவ்வைக் கழற்றி, சூட்டோடு ஒயிலை வடித்துவிடுங்கள். நாலு பிளக்கையும் கழற்றினால் கிராங்கைக் கையால் சுற்றுவது இலகு. 110இல் சம்புக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டமான மெம்பரும் முன் சைலன்சர் குழாயும் இறங்க வேண்டும். மெம்பர் எஞ்சின் மவுண்டையும் தாங்குகிறது, எனவே கழற்றுமுன் எஞ்சினுக்கு மேலிருந்தோ கியர்பொக்ஸ் பக்கத்திலிருந்தோ முட்டுக் கொடுங்கள். உப்புக் காற்றில் சைலன்சர் நட்டுகள் இறுகியிருக்கும், முதல் நாளே துரு இளக்கும் ஒயில் அடித்து வைத்தால் ஸ்ரட் முறியாது. சம்ப் லிக்குவிட் காஸ்கற்றில் ஒட்டியிருக்கும். ஸ்குரூட்ரைவரால் நெம்பினால் விளிம்பு வளைந்து பிறகு ஒழுகும். மெல்லிய பட்டைக் கத்தியை இடுக்கில் விட்டுத் தட்டிக்கொண்டே நகருங்கள்.

சம்ப் இறங்கியதும் அடியில் கிடப்பதைப் பாருங்கள். செப்பு மினுக்கமோ சாம்பல் செதிலோ இருந்தால் பெயாரிங் போயிருக்கிறது. ஒயில் உறிஞ்சும் ஸ்ரெயினரில் பழைய சிலிக்கன் துண்டுகள் அடைத்திருந்தால் அதுவே முழு வருத்தத்துக்கும் காரணமாக இருக்கலாம்.

ஒவ்வொரு கொன்ரொட்டாகச் செய்யுங்கள், கொன்ரொட்டின் கீழ்ப் பாதியைப் பிடிக்கும் மூடிகளில் இரண்டை ஒரே நேரத்தில் திறக்க வேண்டாம். எந்த மூடி எந்தச் சிலிண்டருக்கு, எந்தப் பக்கம் முன்னுக்கு என்பதற்கு அடையாளம் இடுங்கள். மூடி மாறினாலோ திரும்பினாலோ அந்தக் கொன்ரொட் வீண். நட்டைக் கழற்றியதும் போல்ற் மரையில் சிறு றப்பர் குழாயைச் செருகுங்கள், மரை ஜேர்னலில் உரசினால் கீறல் விழும். பிறகு கொன்ரொட்டை மேலே தள்ளி இரு பாதிச் செல்களையும் எடுங்கள்.

செல்லைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எரிப்பின் அடி கொன்ரொட்டில் மேல் பாதியில் விழும், மெயினில் கீழ்ப் பாதியில் விழும், ஆகவே அந்தப் பாதிகளையே முதலில் பாருங்கள். சுற்றிவர நேர்க் கீறல்கள் என்றால் தூசு அல்லது பில்டர் மாற்றாமை. எதிரெதிர் ஓரங்களில் மட்டும் தேய்வு என்றால் கொன்ரொட் வளைந்திருக்கிறது. மூன்றடுக்குச் செல்லில் மேல் பூச்சுத் தேய்ந்தால் கீழே செப்பு நிறம் தெரியும். அலுமினியக் கலவைச் செல்லில் செப்பு இராது, கடைசிவரை சாம்பல்தான். செப்புத் தெரியவில்லை, எனவே நல்லது என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்தது ஜேர்னல். நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். எங்காவது மாட்டினால் வீட்டு வேலை அதோடு முடிந்தது. மாட்டாவிட்டால் 25–50 மி.மீ. மைக்ரோமீற்றரால் இரண்டு ஓரங்களிலும், ஒவ்வொன்றிலும் செங்குத்தான இரு திசைகளிலுமாக நாலு அளவு எடுங்கள். 5ஏயின் கொன்ரொட் ஜேர்னல் புதிதில் 40 மி.மீ.க்கு மிக அருகில் இருக்கும். நாலு அளவுக்குள் 0.02 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் அது முட்டை வடிவாகவோ சரிவாகவோ தேய்ந்திருக்கிறது. அதன்மேல் எந்தப் புதுச் செல்லைப் போட்டாலும் தட்டு சில ஆயிரம் கிலோமீற்றரில் திரும்பி வரும். அப்படியானால் எஞ்சினை இறக்கிக் கிராங்கை லேத்துக்கு அனுப்பி, 0.25 அல்லது 0.50 மி.மீ. அண்டர்சைசுக்கு (அவ்வளவு மெலிதாக) கடைந்து, அந்த அளவுச் செல்லைப் போட வேண்டும். கடையாத ஜேர்னலில் 0.25 செல்லைப் போட்டால் நட்டை இறுக்கும்போதே கிராங் பூட்டிக்கொள்ளும். ‘கொஞ்சம் தேஞ்சிருக்கு, 0.25 போட்டால் சரி’ என்று சொல்பவரிடம் காரை விடாதீர்கள்.

ஜேர்னல் தேறினால் செல்லின் அளவுக்கு வருவோம். ரொயோட்டா ஸ்ராண்டர்ட் செல் ஒரே அளவு அல்ல. கொன்ரொட் மூடியில் 1, 2, 3 என ஓர் இலக்கம் குத்தியிருக்கும், அதே இலக்கச் செல்தான் அதற்குப் பொருந்தும். மெயினுக்குப் புளொக்கில் உள்ள இலக்கத்தையும் கிராங்கில் உள்ள இலக்கத்தையும் கூட்டினால் செல் இலக்கம் வரும். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக் கடைகளில் இலக்கம் பிரிக்காத ‘எஸ்.ரி.டி.’ (ஸ்ராண்டர்ட்) செற்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதைப் போடலாம், இடைவெளியை அளந்த பிறகு. இலக்கப்படி வேண்டுமென்றால் கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சொல்லி எடுக்க வேண்டும். தைஹோ, என்.டி.சி. ஆகிய இரண்டு பெயாரிங் பிராண்டுகளும் ஜப்பான் எஞ்சின்களுக்கு நம்பகமானவை, ஆனால் போலிப் பெட்டிகளும் உண்டு.

இடைவெளி அளக்க பிளாஸ்ரிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்ரிக் நூல்) போதும். பச்சை நிறம் 0.025 முதல் 0.076 மி.மீ. வரை காட்டும், உங்கள் வேலைக்கு அதுதான். புதுச் செல்லின் பின்புறமும் அது அமரும் இருக்கையும் எண்ணெய் இன்றி உலர்ந்திருக்க வேண்டும். ஒயில் துளை நேருக்கு நேர் வருகிறதா பாருங்கள். ஜேர்னலைத் துடைத்து நூல் துண்டை நீளவாக்கில் வைத்து, மூடியைப் போட்டு முழு ரோர்க்குக்கு (கைநூல் சொல்லும் இறுக்க அளவுக்கு) இறுக்குங்கள். இடையில் கிராங்கை அசைக்கக் கூடாது, அசைத்தால் நூல் இழுபட்டுப் பொய் அளவு வரும். திறந்து, நசுங்கிய அகலத்தை உறையிலுள்ள அளவுகோலோடு ஒப்பிடுங்கள். கொன்ரொட்டுக்கு 0.020–0.051 மி.மீ., தாங்கக்கூடிய உச்சம் 0.08.

மெயினில் இதே அளவீடு ஏமாற்றும். கிராங்கின் பாரம் கீழ்ச் செல்லில் தொங்குவதால் இடைவெளி முழுவதும் மேலே போய்விடும், கீழே வைத்த நூல் எதிர்பார்த்ததை விட அதிகம் நசுங்கும். பக்கத்துக் கவுண்டர்வெயிற்றின் (கிராங்கின் எதிர்ப் பாரக் கட்டி) கீழே சிறு ஜாக்கை மரத்துண்டோடு வைத்து, கிராங்கை மேல் செல்லோடு ஒட்டத் தூக்கிவிட்டு அளக்க வேண்டும். மேல் செல்லை எடுக்க, ஜேர்னலின் ஒயில் துளையில் தலை தட்டையாக்கிய கொட்டர் பின்னைச் செருகி, செல்லின் நாக்கு (ஓரத்தில் நீட்டிய சிறு மடிப்பு) இருக்கும் முனை முதலில் வெளியே வரும் திசையில் கிராங்கைச் சுற்றுங்கள், செல் தானாக உருண்டு வரும். எதிர்த் திசையில் சுற்றினால் நாக்கு புளொக்கைக் கீறும். துளை இல்லாத ஜேர்னலில் மெல்லிய அலுமினியப் பட்டையால் தள்ளலாம். மற்ற மூடிகளை அரைச் சுற்று இளக்கினால் வழி கிடைக்கும், முன்னால் அல்ரனேற்றர் பெல்ற்றையும் தளர்த்துங்கள். ஒயில் ஓடும் பள்ள வரியும் துளையும் உள்ள பாதிதான் மேலே போகும். அதைக் கீழே போட்டால் ஒயில் வழி அடைபட்டு, ஸ்ரார்ட் பண்ணிய சில நிமிடங்களிலேயே பெயாரிங் எரியும். மெயின் மூடிப் போல்ற் 5ஏயில் 60 நியூட்டன் மீற்றர், இரண்டு மூன்று தவணையாக, நடுவிலிருந்து வெளியே.

இடைவெளி கூடிவிட்டதென்று மூடியின் முகத்தை அரத்தால் ராவுவது, செல்லின் பின்னால் சிகரெட் பெட்டித் தாள் வைப்பது, இரண்டும் இன்றும் நடக்கிறது. வெள்ளீயம் வார்த்த பழைய எஞ்சின்களில் மூடிக்கு இடையே தகடு வைத்துச் சரிசெய்த காலத்தின் மிச்சம் அது. இன்றைய செல், மூடியை விடச் சற்றே உயர்ந்து நின்று, இறுக்கும்போது நெருக்குண்டு இருக்கையை முழுதாகப் பிடிக்கும்படி செய்யப்பட்டது. தாள் வைத்தால் சூடு வெளியேறாது, ராவினால் துளை முட்டையாகும்.

இறுதிப் பூட்டலில் செல்லின் முகத்தில் மட்டும் புது ஒயில் அல்லது அசெம்பிளி லூப் பூசுங்கள். கொன்ரொட் நட்டின் ரோர்க்கை உங்கள் எஞ்சினின் கைநூலில் பாருங்கள். சில வகைகளுக்கு ஒரே அளவு, சிலவற்றுக்கு அளவுக்குப் பிறகு 90 பாகை திருப்பல். இரண்டாவது வகையில் போல்ற் நீளும். நடுப்பகுதி மெலிந்திருந்தால் புதிது போடுங்கள். ஒவ்வொரு மூடி இறுக்கியதும் கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது பிடித்தால் அந்த மூடியைத் திறந்து காரணம் கண்ட பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

சம்ப் முகத்தை எண்ணெய்ப் பிசுக்கின்றித் துடைத்து, சிலிக்கனை 3–5 மி.மீ. கோடாக இடுங்கள். கொழகொழவென்று பூசினால் உள்ளே பிதுங்கி ஸ்ரெயினரில்தான் போய்ச் சேரும். சிறு போல்ற்றுகள் அவை, 5 நியூட்டன் மீற்றர் அளவே போதும். ஒயில் ஊற்றுமுன் சில மணி நேரம் காய விடுங்கள்.

பெயாரிங் ஏன் தேய்ந்தது என்பதையும் இதோடு பாருங்கள். எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரை றேடியேற்றரில் ஊற்றி வந்த கார் சூடேறி ஒயில் மெலிந்திருக்கும், ஹெட் காஸ்கற் கசிந்து தண்ணீர் கலந்தும் இருக்கலாம். கூலன்ற்றோடு சுத்திகரித்த நீரை ஊற்றுங்கள். டிப்ஸ்ரிக்கில் பெற்றோல் மணந்தால் இன்ஜெக்டர் ஒழுகுகிறது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள் பெயாரிங் இழந்ததும் இதே வழியில்தான்: எரியாத எண்ணெய் பிஸ்ரன் றிங்கைத் தாண்டிச் சம்பில் இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்தது.

பில்டரில் ஒயில் நிரப்பிப் பூட்டி, ஈ.எஃப்.ஐ. (பெற்றோல் இன்ஜெக்‌ஷன்) பியூஸைக் கழற்றிவிட்டு, பிளக்குகள் இல்லாமலே பத்துப் பத்து விநாடியாக ஸ்ரார்ட்டரைச் சுழற்றுங்கள். கேஜ் முள் எழும்பும்வரை பிளக்கைப் பூட்டவே வேண்டாம். ஓடத் தொடங்கியதும் 1500 சுற்றில் வைத்துக் கேஜையும் சம்பின் விளிம்பையும் பாருங்கள். முதல் 500 கி.மீ. வேகமாக இழுக்க வேண்டாம், அதன்பின் ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். தட்டு நின்றும் சூட்டில் ஐட்ல் அழுத்தம் கைநூலின் குறைந்த அளவைத் தொடவில்லை என்றால், கொன்ரொட்டை மட்டும் மாற்றியவர்கள் மெயினை அளக்க வேண்டும். மெயினும் சரியென்றால் மிச்சம் ஒயில் பம்ப்தான். 5ஏயில் அது முன்பக்கம் கிராங் மூக்கில் இருக்கிறது, ரைமிங் பெல்ற்றைக் கழற்றாமல் கை எட்டாது.