கப்பலுக்குப் போன அப்பப்பாவை எங்கே தேடுவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் அப்பப்பா முல்லைத்தீவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரக் கப்பலில் சேர்ந்து, 1950களின் நடுவில் ஊர் திரும்பியவர். அவருடைய கப்பல் புத்தகமும் படங்களும் 2009 இடப்பெயர்வோடு போய்விட்டன. கப்பலின் பெயர் 'சிட்டி' என்று தொடங்கும் என்று மட்டும் அத்தை சொல்கிறார். இனி ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: முடியும். உங்கள் வீட்டில் இருந்தது அந்தச் சேவையின் ஒரு பிரதிதான். கப்பலில் ஆள் சேர்க்கும்போது எழுதிய ஒப்பந்தப் பட்டியல் பயணம் முடிந்ததும் பிரித்தானியக் கப்பல் பதிவாளரிடம் போனது. அங்கே ஆளின் பெயரில் தனிப் பதிவும் வைத்தார்கள். அவை பெரும்பாலும் இன்றும் இருக்கின்றன. ஆனால் நேரே அங்கே போய் ஆளின் பெயரைத் தேடத் தொடங்கினால் களைத்துப்போவீர்கள். முதலில் கப்பல் எது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு வேண்டியது ஊரிலேயே கிடைக்கும்.

அவருடைய பிள்ளைகள் எல்லோரினதும் பிறப்புப் பதிவுகளின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் எடுங்கள். ஒரு பிள்ளையோடு நிறுத்தாதீர்கள். பழைய பதிவுகளில் தகப்பனின் தொழிலுக்கு ஒரு நிரல் உண்டு. ஒரு பிள்ளைக்கு 'கமம்' என்றும் அடுத்த பிள்ளைக்கு 'மாலுமி' என்றும் இருந்தால், அவர் கப்பலேறிய காலம் அந்த இரண்டு பிறப்புகளுக்கும் நடுவில் அகப்பட்டுவிடும். திருமணப் பதிவிலும் தொழில் இருக்கும். கத்தோலிக்கக் குடும்பமென்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் கேளுங்கள். அவருடைய முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், அடித்திருந்தால் அது ஒரு புதையல். இங்கே அழிந்திருந்தாலும் கனடாவிலோ இலண்டனிலோ ஒரு உறவினரின் அலுமாரியில் ஒன்று கிடக்கும். அவர்களிடம் படங்களையும் கேளுங்கள். படத்தின் பின்புறத்தையும் ஸ்கான் பண்ணி அனுப்பச் சொல்லுங்கள், ஸ்டூடியோ முத்திரையில் துறைமுகத்தின் பெயர் இருக்கும். கப்பல் தளத்தில் எடுத்த படமாக இருந்தால் பின்னால் தொங்கும் உயிர்காப்பு வளையத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் கப்பலின் பெயரும் பதிவுத் துறைமுகமும் எழுதப்பட்டிருக்கும்.

அத்தை சொன்ன 'சிட்டி' வீண்போகாது. அக்காலக் கம்பனிகள் பெயர் வைப்பதில் ஒழுங்கு வைத்திருந்தன. 'சிட்டி ஒஃப்' என்று தொடங்கினால் பெரும்பாலும் எல்லர்மன் கம்பனி. 'கிளான்' என்றால் கிளான் லைன். 'ஷயர்' என்று முடிந்தால் கொழும்பு வழியாக ரங்கூன் போன பிபி லைனை நினையுங்கள். ரஜுலா, டுனேரா, கராஞ்சா போல 'ஆ' ஓசையில் முடிந்தால் பிரிட்டிஷ் இந்தியா கம்பனி. கிரேக்கப் புராண வீரர் பெயரென்றால் புளூ ஃபனல். 'மா' என்று தொடங்கினால் புரொக்கில்பாங்க். அதன் கப்பல் ஒன்றுக்கு நம் மஸ்கெலியாவின் பெயர்கூட இருந்தது. பெயரின் முழு வடிவம் கிடைக்காவிட்டால், கம்பனியின் கப்பல்களை வரிசையாக அத்தைக்கு வாசித்துக் காட்டுங்கள். காதில் விழுந்ததும் நினைவு வருவது உண்டு.

பெயர் கிடைத்தால் அடுத்த வேலை அதிகாரப்பூர்வ இலக்கம். பிரித்தானியக் கொடியில் பதிவான ஒவ்வொரு கப்பலுக்கும் 1855 முதல் ஓர் இலக்கம் கொடுத்தார்கள். ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடியிருக்கும், இலக்கம் ஒன்றுக்குத்தான். சுவடிகளை அடுக்கியிருப்பதும் இலக்க வரிசையில்தான். கிளிப் என்ற தன்னார்வத் திட்டத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டால் இலக்கம் இலவசமாக வரும். உலகக் கப்பல்களின் ஆண்டுப் பட்டியலான லொயிட்ஸ் ரெஜிஸ்டரின் 1930 முதல் 1945 வரையான பக்கங்களும் ஸ்கான் செய்யப்பட்டு இணையத்தில் உள்ளன. அதே பெயருள்ள கப்பல்களைக் கட்டிய ஆண்டையும் தொன் அளவையும் வைத்துப் பிரித்தறிய அவை உதவும்.

இனி இலண்டன் கியூவில் உள்ள பிரித்தானியத் தேசிய சுவடிகள் காப்பகம். அதன் விபரக்கொத்தை வன்னியில் இருந்தே கைப்பேசியில் தேடலாம். வணிகக் கப்பல் பதிவுகள் 'பி.ரி.' என்ற தொடரில் வரும். பி.ரி. 381 இல் 1939 – 1950 காலக் கப்பல் பட்டியல்கள் இலக்க வரிசையில் உள்ளன. பி.ரி. 382 இல் 1941 – 1972 காலத்தில் ஒவ்வொருவரும் ஏறிய இறங்கிய கப்பல்கள் உள்ளன. இதை ஐரோப்பியர், இந்தியர், பல நாட்டவர் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்; இலங்கையரை எந்தப் பிரிவில் எழுதினார்கள் என்று ஊகித்துக்கொண்டு ஒன்றில் மட்டும் தேடாதீர்கள். பி.ரி. 372 இல் உள்ளவை ஆளுக்கொரு உறை, அதிர்ஷ்டமிருந்தால் உள்ளே படமும் இருக்கும். இந்தத் தொடரின் விபரக்கொத்தில் பிறந்த திகதியும் இடமும் இருப்பதால், பெயரில் அகப்படாதவரை 'சிலோன்' என்றோ 'ஜஃப்னா' என்றோ தேடி எடுக்கலாம். போர்ப் பதக்கம் கேட்டு விண்ணப்பித்திருந்தால் பி.ரி. 395. கப்பல் எந்தத் திகதியில் எந்தத் துறைமுகத்தில் நின்றது என்பதைப் பி.ரி. 389 அட்டைகள் காட்டும். அவர் கொழும்பில் ஏறியது எப்போது என்று வீட்டில் சொன்னதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

1951 – 1976 காலத்துக் கப்பல் பட்டியல்களில் பத்து வீதம்தான் கியூவில் உண்டு. 1955, 1965, 1975 ஆண்டுகளுக்குரிய மீதி கிறீனிச் தேசியக் கடல்சார் நூதனசாலையிலும், மற்ற ஆண்டுகளுக்குரியவை பெரும்பாலும் கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் மெமோரியல் பல்கலைக்கழகக் கடல்சார் வரலாற்றுக் காப்பகத்திலும் இருக்கின்றன. இலக்கமும் ஆண்டும் கொடுத்தால் அங்கே கட்டணத்துக்குத் தேடித் தருவார்கள். பட்டியல் பயணம் முடிந்த பிறகே கையளிக்கப்பட்டது. ஆகவே 1953 இறுதியில் புறப்பட்ட பயணத்துக்கு 1954 ஐயும் கேளுங்கள்.

பட்டியல் கைக்கு வந்ததும் 'முந்திய கப்பல்' என்ற நிரலைப் பாருங்கள். அதில் உள்ள பெயரைக் கொண்டு அந்தக் கப்பலின் பட்டியலுக்குப் போனால், அங்கே அதற்கும் முந்தியது இருக்கும். இப்படிப் பின்னோக்கி நடந்தே ஒருவரின் முழுச் சேவையையும் எழுதிவிடலாம்.

தவறுவது மூன்று இடங்களில். ஒன்று, ஆசியப் பணியாளருக்குத் தனி ஒப்பந்தத் தாள். கப்பலின் முதன்மைப் பட்டியலில் அவர் பெயர் இல்லையென்றால் 'இல்லை' என்று முடிவெடுக்காதீர்கள். ஆசிய ஒப்பந்தமும் அதோடு இருக்கிறதா என்று தெளிவாகக் கேளுங்கள். இரண்டு, பெயர். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதியிருப்பார்கள், அல்லது மாறி எழுதியிருப்பார்கள். சின்னத்தம்பி 'எஸ்' இலும் வருவார், 'சி எச்' இலும் வருவார். 'தம்பி'யின் கடைசி எழுத்து 'ஐ' ஆகவோ 'வை' ஆகவோ இருக்கும். பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்துகளைப் போட்டு நட்சத்திரக் குறி இட்டுத் தேடினால் கடைசி எழுத்துகள் மாறும் வடிவங்கள் ஒன்றாக வரும்; 'எஸ்' ஐயும் 'சி எச்' ஐயும் தனித்தனியாகத் தேடுங்கள். மூன்று, பதவி. சிறாங்கு என்றால் தளத்து ஆட்களின் தலைவர், டின்டல் அவருக்கு அடுத்தவர், சுக்கானி சுக்கான் பிடிப்பவர், கசாப் களஞ்சியக்காரர், பண்டாரி ஆட்களுக்குச் சமைப்பவர். வீட்டில் 'தண்டையல்' என்று சொல்லியிருந்தால் கவனம். வடகரையில் தண்டையல் பாய்க்கப்பலின் தலைவர். பாய்க்கப்பலில் ஓடியவரைப் பிரித்தானிய மாலுமிப் பதிவுகளில் தேடி மாதக்கணக்கைத் தொலைக்க வேண்டாம். அவருக்கு ஊர்ப் பதிவுகளும் கொழும்பில் உள்ள நமது தேசிய சுவடிகள் காப்பகமும்தான் வழி.

கேள்வி: அம்மப்பா 1942 இல் திருகோணமலையில் யப்பான்காரன் குண்டுபோட்ட கப்பலில் இறந்தார் என்பார்கள். எப்படி உறுதிசெய்வது?
– வாசகர், மாங்குளம்

பதில்: நாள் தெரிவதால் உங்களுக்கு வேலை குறைவு. திருகோணமலைத் தாக்குதல் 1942 ஏப்ரல் 9. அன்று துறைமுகத்தில் எரிந்த வணிகக் கப்பல் கிளாஸ்கோ ஹென்டர்சன் கம்பனியின் 'சாகெய்ங்'. கிழக்குக் கரைக்கு அப்பால் 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்', 'அதெல்ஸ்டேன்' என்ற இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் அதே நாளில் மூழ்கின. மூன்றினதும் 1942 பட்டியல்களைப் பி.ரி. 381 இல் கேளுங்கள். கடலில் நேர்ந்த மரணங்களின் பதிவேடு பி.ரி. 334, அது 1891 முதல் 1972 வரை போகிறது.

பொதுநலவாய போர்க் கல்லறை ஆணைக்குழுவின் இணையத் தேடலும் இலவசம். கடலே கல்லறையான பிரித்தானிய வணிக மாலுமிகளின் பெயர்கள் இலண்டன் டவர் ஹில் நினைவகத்திலும், இந்திய மாலுமிகளுடையவை பம்பாய், சிட்டகொங் நினைவகப் பதிவிலும் உள்ளன. இரண்டிலும் தேடுங்கள். போரால் நேர்ந்த மரணங்களை மட்டுமே அந்த ஆணைக்குழு பதிவு செய்கிறது. காய்ச்சலில் இறந்தவர் அங்கே இருக்க மாட்டார், பி.ரி. 334 இல் இருப்பார்.

கேள்வி: பூட்டப்பா முதலாம் உலகப் போரில் கப்பலில் இருந்தார். பெயரை வைத்துத் தேடலாமா?
– வாசகர், வவுனியா

பதில்: 1913 – 1918 காலத்து ஆட்பதிவுகள் அழிக்கப்பட்டுவிட்டன. மிஞ்சிய வாசல் 1915 ஆம் ஆண்டின் கப்பல் பட்டியல்கள். அவை பெயர்த்தெழுதப்பட்டு, பெயரைக் கொண்டு தேடக்கூடியவாறு இணையத்தில் இலவசமாக உள்ளன. 1918 கடைசியில் இருந்து 1921 வரையான பி.ரி. 350 அட்டைகளில் படம் ஒட்டியிருக்கும். போர் முடிந்த பிறகும் அவர் கப்பலில் நின்றிருந்தால் அங்கே முகத்தையே பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் தாத்தா தலைமன்னார் – தனுஷ்கோடிக் கப்பலில் வேலை செய்தவர். அவரும் வணிகக் கப்பற்படையில் சேருவாரா?
– வாசகி, மன்னார்

பதில்: அந்தச் சேவை இரயில்வேயின் ஒரு பகுதி. 1914 இல் தொடங்கிய கப்பலை ஓட்டியது தென்னிந்திய இரயில்வே. ஆகவே அவர் இரயில்வே ஊழியராகவே பதிவாகியிருப்பார். 'இர்வின்', 'கோஷன்' என்ற பெயர்கள் வீட்டில் புழங்கினால் அந்தச் சேவைதான். அந்தக் கம்பனியின் தலைமையகம் திருச்சிராப்பள்ளி. 1944 இல் அரசு எடுத்தது, 1951 ஏப்ரல் 14 இல் தென்னக இரயில்வேயோடு சேர்ந்தது. எழுத வேண்டியது தென்னக இரயில்வேக்கும், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும். தலைமன்னார் இறங்குதுறையிலோ நிலையத்திலோ வேலை செய்தவராக இருந்தால் அவர் இலங்கைப் புகையிரதத் திணைக்களத்து ஆள், கேட்க வேண்டியது ஓய்வூதியக் கோவையை. கப்பலிலா கரையிலா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா 1978 முதல் கிரேக்கக் கப்பல்களில் பத்து வருடம் ஓடினார். கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.
– வாசகர், மல்லாவி

பதில்: உங்களுடையது வரலாற்றுத் தேடல் மட்டுமல்ல, உரிமைத் தேடலாகவும் இருக்கலாம். கிரேக்கக் கொடியில் ஓடிய கப்பல்களிலும், கொடி வேறாக இருந்து ஒப்பந்தம் செய்துகொண்ட கப்பல்களிலும், மாலுமிகளுக்கான 'நாற்' என்ற ஓய்வூதிய நிதிக்குப் பங்களிப்புக் கழிக்கப்பட்டது. அந்த நிதி இப்போது அந்நாட்டின் சமூகக் காப்புறுதி நிறுவனமான எஃப்காவின் கீழ் இருக்கிறது. கப்பல் பெயர், சேர்ந்த ஆண்டு, கடவுச்சீட்டில் இருந்த பெயர், பிறந்த திகதி ஆகியவற்றோடு எழுதிக் கேளுங்கள். லைபீரியா, பனாமாக் கொடியென்றால் சாதாரண மாலுமியின் பெயர் அந்த நாட்டு அரசிடம் இருக்குமென்று நம்ப முடியாது. முதலாளிக் கம்பனியையே பிடிக்க வேண்டும். கப்பல் விற்கப்பட்டுப் பெயர் மாறினாலும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் மாறாது. அதைக் கொண்டு முதலாளிகளின் வரிசையைத் தொடரலாம்.

அவர் கொழும்பில் சி.டி.சி. என்ற மாலுமிச் சேவைப் புத்தகம் எடுத்திருந்தால் அதை வழங்கியவர் வணிகக் கப்பற்றுறைப் பணிப்பாளர். 1971 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்க வணிகக் கப்பற்றுறைச் சட்டத்தின் கீழான பதிவு அது. வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தின் தகவல் அலுவலருக்கு, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, தமிழிலேயே எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். மற்றவரின் தனிப்பட்ட தகவல் என்று தட்டிக்கழிக்க இடம் வைக்காதீர்கள். அப்பா இருக்கிறார் என்றால் அவரே ஒப்பமிடட்டும். இல்லையென்றால் அவருடைய இறப்புச் சான்றிதழையும் உங்கள் பிறப்புச் சான்றிதழையும் இணையுங்கள். 'அப்பாவின் விபரம் தரவும்' என்று எழுதினால் பதில் வராது. 'இன்ன பெயரில், 1977 – 1979 காலத்தில் வழங்கப்பட்ட சி.டி.சி. இன் இலக்கமும் அதற்கான விண்ணப்பத்தின் பிரதியும்' என்று கேளுங்கள்.

கேள்வி: பழைய பத்திரிகைகளைப் பார்க்கக் கொழும்புக்குத்தான் போக வேண்டுமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: முதலில் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தைப் பாருங்கள். பழைய இதழ்களோடு நினைவு மலர்களும் கல்வெட்டுகளும் அங்கே உண்டு. ஊர்ப் பெயரைக் கொண்டும் தேடுங்கள். 1981 இல் யாழ் நூலகம் எரிந்தபோது போனவற்றில் பல அங்கே திரும்பக் கிடைக்காது. அதனால் 1930களின் வீரகேசரி, தினகரன் போன்றவற்றுக்குக் கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்துக்கே போக வேண்டிவரும். போவதற்கு முன் கப்பல் கொழும்பில் நின்ற திகதிகளைக் குறித்துக்கொண்டு போங்கள். திகதி இல்லாமல் போனால் ஒரு நாளில் ஒரு மாதத்துப் பத்திரிகையைக்கூடப் புரட்டி முடியாது.