கணக்கில் கழிந்தது, கைக்கு வரவில்லை: ஏடிஎம் கேள்வி-பதில்

ஓய்வு பெறுவதற்கு முன் சில வருடம் கடலூர்ப் பக்கம் ஒரு கிளையில் ஏடிஎம் சாவி என் பொறுப்பில் இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் இந்தப் பதில்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே பாட்டு: “கிளையில் போய்ச் சொன்னேன், பார்க்கிறோம் என்றார்கள்.” வாயால் சொன்னது எங்கேயும் பதிவாகாது. புகார் எண் வாங்கினால்தான் அது புகார்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: பேருந்து நிலையம் அருகே வேறு வங்கி ஏடிஎம்மில் 10,000 ரூபாய் எடுக்கப் போனேன். மெஷின் கரகரவென்று ஓடி நின்றுவிட்டது. காசு வரவில்லை, டெபிட் எஸ்எம்எஸ் மட்டும் வந்தது. அந்த வங்கி ‘உங்கள் வங்கியைக் கேளுங்கள்’ என்கிறது. என் வங்கி ‘தானாக வந்துவிடும்’ என்கிறது. ஒன்பது நாள் ஆகிறது.

மெஷின் யாருடையதாக இருந்தாலும் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது கார்டு கொடுத்த வங்கி. இரண்டு பக்கமும் அலைய வேண்டாம்.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று போட்ட உத்தரவுப்படி, பணம் எடுத்த நாளிலிருந்து 5 நாளுக்குள் தொகை திரும்பியாக வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதையும் நீங்கள் கேட்காமலே வரவு வைக்க வேண்டும். ஒன்பது நாள் என்றால் அசலோடு 400 ரூபாய் சேர்ந்து நிற்கிறது. கேட்காமல் கொடுக்கிறார்களா என்றால், நான் பார்த்தவரை கேட்டால்தான்.

உள்ளே நடப்பது இதுதான். ரோலர் ஒவ்வொரு நோட்டாக இழுத்துத் தடிமன் பார்க்கும். இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டு வந்தாலோ, கசங்கிய நோட்டு சிக்கினாலோ ரிஜெக்ட் பெட்டியில் தள்ளிவிடும். அந்தக் காசு உள்ளேயேதான் கிடக்கும். பணம் நிரப்பும் அன்று எண்ணினால் இருப்பு கணக்கைவிட அதிகமாக இருக்கும். ‘எக்ஸஸ்’ என்று எழுதிவைப்போம். மெஷினின் ஒவ்வொரு அசைவும் இ.ஜே. என்று நாங்கள் சொல்லும் எலக்ட்ரானிக் ஜர்னலில் நேரத்தோடு பதிவாகும். ஆக, உங்கள் 10,000 எங்கே போனது என்று கண்டுபிடிப்பது வங்கிக்குப் பெரிய வித்தை இல்லை.

சிக்கல் எப்போது என்றால், ஜர்னலில் ‘பணம் கொடுத்தாயிற்று’ என்று இருக்கும்போது. எனக்கே அப்படி ஆனது. ஒரு வங்கியின் மெஷினில் சத்தம் கேட்டது, காசு வரவில்லை. ‘சக்சஸ்’ என்று பதில் அனுப்பிப் புகாரை மூடிவிட்டார்கள். ஜர்னல் நகல், அன்றைய பண எண்ணிக்கை, கேமரா பதிவு மூன்றையும் எழுத்தில் கேட்ட பிறகுதான் அசைந்தார்கள். காசு வெளியே வரும் வாயின் உள்பக்கம் யாரோ கறுப்புப் பட்டை ஒன்றைப் பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள். நான் வெளியே போனதும் ஒருவன் வந்து பட்டையோடு நோட்டை உருவிக்கொண்டு போனது கேமராவில் இருந்தது. அதனால், காசு வராவிட்டால் உடனே நகராதீர்கள். செல்போன் டார்ச் அடித்து அந்த வாயைப் பாருங்கள். அங்கே நின்றபடியே வங்கிக்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள்.

அரியாங்குப்பம் (புதுச்சேரி) வாசகி: என் அம்மாவுக்கு 68 வயது. ஏடிஎம்மில் ஒரு பையன் உதவி செய்தானாம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கையில் இருப்பது வேறு யாருடைய கார்டோ. கடலூரில் 40,000 எடுத்திருக்கிறான். பின் நம்பரைக் காட்டியது உங்கள் தப்பு என்கிறது வங்கி. இங்கே போலீசில் கடலூருக்குப் போகச் சொல்கிறார்கள்.

“கார்டு சரியா நுழையலை, குடுங்க பாட்டி” என்று வாங்குவான். உள்ளங்கையில் அதே நிறத்தில் இன்னொரு கார்டு இருக்கும். பாட்டி பின் அடிக்கும்போது பார்த்துக்கொள்வான். நம் ஊர்ப்பக்கம், கார்டு விவரத்தைப் படித்துத் திருடும் ஸ்கிம்மர் கருவியைவிட இந்தக் கைமாற்றுதான் எனக்கு அதிகம் வந்த வழக்கு.

ஒளிக்காமல் சொல்கிறேன், இது கஷ்டமான கேஸ். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணத்துக்குப் புகார் கொடுக்கும் நேரம்வரை அவரே பொறுப்பு. புகார் கொடுத்த நிமிடத்துக்குப் பிறகு ஒரு ரூபாய் போனாலும் வங்கி தர வேண்டும். ஆனால் கவனக்குறைவு என்று நிரூபிக்க வேண்டியது வங்கி; உங்கள் அம்மா அல்ல. பின்னை வாயால் சொன்னாரா, எட்டிப் பார்த்தானா என்பது பெரிய வித்தியாசம். அதை எழுத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். அவனுடைய முகம் இரண்டு ஏடிஎம் கேமராவிலும் இருக்கும். அழிப்பதற்கு முன் எடுத்துவைக்கும்படி வங்கிக்கு இன்றே எழுதுங்கள்.

எல்லைத் தகராறுக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு, குற்றம் எங்கே நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணிலும் பதிவு செய்யுங்கள். தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் அதே எண்தான்.

புதுக் கார்டு வந்ததும் பின்பக்கம் சின்னதாக ஒரு பூ ஸ்டிக்கர் ஒட்டிக்கொடுங்கள். மெஷினில் நுழையும் முனையில் வேண்டாம். வங்கி ஆப்பில் அவருடைய தினசரி வரம்பை 5,000 ஆக்குங்கள். ஸ்டேட் வங்கிக் கார்டாக இருந்தால், அதே வங்கி மெஷினில் 10,000 அல்லது அதற்கு மேல் எடுக்க ஓடிபி கேட்கும். அம்மாவின் போன் எண் கணக்கில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

முதுநகர் வாசகர்: கார்டைப் போடும் முன் கேன்சல் பட்டனை இருமுறை அழுத்தினால் திருட முடியாதாமே? பின்னைத் தலைகீழாக அடித்தால் போலீஸ் வருமாமே?

இரண்டும் வாட்ஸ்அப் கதை. 1234-ஐ 4321 என்று அடித்தால் ‘தவறான பின்’ என்றுதான் வரும்.

லாஸ்பேட்டை வாசகர்: சிப் கார்டுக்கும் ஸ்கிம்மர் பயம் உண்டா?

குறைந்திருக்கிறது, போகவில்லை. சிப்பை நகலெடுப்பது லேசில்லை. ஆனால் பின்பக்கக் கறுப்புப் பட்டை இன்னும் இருக்கிறதே! ஸ்கிம்மர் படிப்பது அதைத்தான். பின்னை எடுக்கத் தனியாக ஒரு பொடிக் கேமரா வேண்டும். அதனால் இடது கையால் விசைகளை மூடிக்கொண்டு அடித்தால் அவன் வேலை பாதியில் நிற்கும். கார்டு நுழையும் வாயை ஒரு முறை பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வெளியே வந்துவிடுங்கள். நான் இன்னும் ஆட்டுகிறேன், காவலாளிகள் முறைக்கிறார்கள். வெளிநாட்டுப் பயன்பாடு உங்களுக்குத் தேவையில்லை என்றால் ஆப்பில் அணைத்துவையுங்கள்.

இப்படிப் போன பணத்தில் உங்கள் பிழை எதுவும் இல்லை. தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் உங்களுக்கு நஷ்டமே கிடையாது. 10 வேலை நாளில் தற்காலிகமாகவாவது வரவு வைக்க வேண்டும். 4 முதல் 7 வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில்.

நெல்லிக்குப்பம் வாசகர்: மனைவி கார்டில் நான் பணம் எடுப்பது தப்பா? வீட்டுக்குள்தானே?

பணம் ஒழுங்காக வரும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். 2013-இல் பெங்களூரில் பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண், கணவரிடம் கார்டைக் கொடுத்தனுப்பினார். 25,000 ரூபாய் கழிந்தது, காசு வரவில்லை. கேமராவில் இருந்தது கணவர். கார்டை இன்னொருவரிடம் கொடுத்து பின்னையும் சொன்னது விதிமீறல் என்று 2018-இல் நுகர்வோர் மன்றம் வழக்கைத் தள்ளியது. வேண்டுமானால் கூட்டுக் கணக்காக மாற்றி உங்கள் பெயரில் ஒரு கார்டு வாங்குங்கள்.

பாகூர் வாசகர்: மாதம் எத்தனை முறை இலவசம்?

சொந்த வங்கியில் 5. மற்ற வங்கியில் என்றால் சென்னை ஏடிஎம்களில் 3, நம் பக்கத்து ஏடிஎம்களில் 5. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் 23 ரூபாய் வரை, வரி தனி. மெஷினில் காசு இல்லாமலோ கோளாறாலோ நின்றுபோனது இந்தக் கணக்கில் சேராது.

மஞ்சக்குப்பம் வாசகி: வங்கி பதிலே தரவில்லை. ஏடிஎம் புதுச்சேரியில், கணக்கும் அங்கே. வழக்கு எங்கே போடுவது?

முதலில் வங்கிக்கு எழுத்துப் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்பட்ஸ்மேன். இணையத்தில் போடலாம், கட்டணம் இல்லை, விவரத்துக்கு 14448. நேராக அங்கே போனால் திருப்பிவிடுவார்கள். நீதிமன்றத்தில் வழக்கு நடந்தாலும் எடுக்கமாட்டார்கள், அதனால் வரிசை முக்கியம்.

நுகர்வோர் ஆணையம் என்றால் 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கடலூரே போதும், பஸ் ஏற வேண்டாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். தேதி, நேரம், மெஷின் எண், தொகை, புகார் எண் இவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஏடிஎம் சிலிப்பை மட்டும் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். அந்தத் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும்.